நெகட்டிவ்

"நெகட்டிவ்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க,
அப்புறம் ஏன் சார் வீட்டுக்கு அனுப்ப மாட்டேங்கறாங்க?"

ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் கெம்பம்மா.
இரண்டு நாளாக அந்தத் துண்டுச் சீட்டு
அவள் ரவிக்கைக்குள் இருந்திருக்கிறது;
வியர்வையில் என் கையெழுத்து ஊதாவாகக் கசிந்திருந்தது.
ஒன்பதாவது படிக்கும் மகன் எழுத்துக் கூட்டிச் சொன்னானாம்.
கொரோனாவில் ஊர் முழுக்கக் கற்ற சொல்.
சூளகிரிக்கு ஃபோன் போட்டு
நாத்தனாரிடம்கூடச் சொல்லியாகிவிட்டது:
ஒண்ணும் இல்லையாம், நெகட்டிவ்வாம்.

அது சாயத்தின் பேச்சு என்று
எப்படிச் சொல்வது?
முதலில் ஊதாவை ஊற்றுவோம், பிறகு அயோடின்,
பிறகு ஸ்பிரிட் விட்டுக் கழுவுவோம்.
சில கிருமிகள் ஊதாவை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.
சில விட்டுவிடும்.
விட்டவற்றுக்குக் கடைசியில் சிவப்பு கொடுத்தால்
இளஞ்சிவப்பாய்த் தெரியும்,
சிந்திய சேமியாத் துண்டுகள்போல.
நெகட்டிவ் என்றால் ஊதா இல்லை.
அவ்வளவுதான் அம்மா. கிருமி இல்லை என்றல்ல.

திம்மராயன், முப்பத்தாறு, ஆண்.
மாம்பழக் கூழ் ஆலையில் நீராவிக் குழாய் வெடித்த அன்று
பெங்களூரா வரத்து உச்சத்தில் இருந்தது;
லாரிகள் ரோடு வரைக்கும் நின்றன.
எனக்கு அவனைத் தெரியாது.
அவன் தொடையைத் தொட்ட பஞ்சுக்குச்சியைத் தெரியும்.
கட்டுத்துணியில் பச்சை என்று எழுதி அனுப்பியிருந்தார்கள்.
மறுநாள் தட்டைத் திறந்தேன்.
திராட்சை வாசனை.
ஜூன் மாதம், கிருஷ்ணகிரியே மாம்பழம் நாறும்போது
எங்கள் அறையில் மட்டும் திராட்சை.
முகர்ந்து பார்க்காதே என்கிறது பாடப்புத்தகம்.
முகராமலே வரும்.

சூடோமோனாஸ்.
கொஞ்சம் காற்று, கொஞ்சம் ஈரம் போதும் அதற்கு.
குழாய்முனை, வாளி, துடைப்பம், சலைன் பாட்டிலின் கழுத்து,
எங்கும் குடித்தனம் நடத்தும்.

இன்று தட்டில் ஆறு வெள்ளைப் பொட்டு.
பொட்டுக்கு ஒரு மருந்து.
சுற்றிலும் முளைக்காமல் வெறிச்சென்று கிடந்தால்
அந்த மருந்து கேட்கும்.
சிப்ரோவின் விளிம்புவரை ஏறி உட்கார்ந்திருக்கிறது.
செஃப்டாசிடைம், அதே கதை.
அமிகாசினுக்குப் பேருக்கு ஒரு வளையம்.
மெரோபெனம்.
ஸ்கேலை வைத்தேன்.
பத்தொன்பது மில்லிமீட்டர் என்றால் கேட்கும்.
பதினெட்டு என்றால் கேட்கலாம், கேட்காமலும் போகலாம்.
தட்டைக் கறுப்புத் துணிமேல் கவிழ்த்தேன்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி.
பதினெட்டரை.
நவாஸ்கானைக் கூப்பிட்டேன், அவர் பதினெட்டு என்றார்,
திருப்பிப் பார்த்துவிட்டுப் பத்தொன்பது என்றார்,
டீ குடிக்கப் போய்விட்டார்.

வளையத்துக்குள் வேறு ஒரு புள்ளி, ஒற்றையாய்.
தூசியா,
கேள்வித்தாளை முன்கூட்டியே பார்த்துவிட்டு வந்த ஒருத்தனா?

"இதுக்கு முன்னாடி மருந்து ஏதும் சாப்பிட்டாரா?"
"பஸ் ஸ்டாண்ட் மெடிக்கல்ல அரை அட்டை வாங்குவாரு சார்.
ரெண்டு போட்டா சரியாயிடும்.
மீதிய ஆட்டுக்குப் புண்ணு வந்தா பொடிச்சுப் போடுவோம்.
எதையும் வீணாக்க மாட்டோம்."

நான் என்ன சொல்ல.
போன மாதச் சளிக்கு நானே விழுங்கியதும்
சீட்டில்லாமல் வாங்கிய மாத்திரைதான்,
அதுவும் மூன்று நாளைக்கு எழுதியதில் ஒன்று மட்டும்.

வார்டிலிருந்து டாக்டர் யாமினி:
"கேட்குதா இல்லையா, ஒரே வார்த்தை."
மேடம், அரை மில்லிமீட்டர்.
மறுமுனையில் மின்விசிறிச் சத்தம்.
"நான் ஆரம்பிச்சுட்டேன். நீ திரும்பப் போடு."

அந்த ஒற்றைப் புள்ளியைக் கம்பியால் தொட்டெடுத்து
புதுத் தட்டில் இழுத்தேன்.
சீட்டு எழுதும்போது கை அந்தச் சொல்லில் நின்றது.
எழுதாமல் விட விதியில்லை. எழுதினேன்.
ஓரத்தில் பென்சிலால் தமிழில்:
கிருமி இருக்கிறது. மருந்து தேடுகிறோம்.

பையன் சத்தமாகப் படித்தான்.
கெம்பம்மா வாங்கி, முன்னதோடு சேர்த்து மடித்து,
அதே இடத்தில் வைத்துக்கொண்டாள்.
"நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?"